கோரிக்கு வடக்கே

*திபிலிசி, பேருந்து நிலையம்*

பதினெட்டு இருக்கை வேனில்
இருபத்திரண்டு பேர், ஒரு வாத்து.
வாத்துக்கு ஜன்னலோரம்.

*நெடுஞ்சாலை*

தேவாலயம் கண்ணில் பட்டால்
ஸ்டியரிங்கை விட்டுவிட்டு
மூன்று முறை சிலுவை போடுகிறார் ஓட்டுநர் நுக்ஸார்.
இந்த நாட்டில் தேவாலயங்கள் அதிகம்.
வளைவுகளும்.

*கோரி*

ஊரின் பெயர் என் மொழியில் பாதி வாக்கியம்.
எதைக் கோரி, யாரிடம் கோரி
என்று முணுமுணுத்தபடி சந்தைக்குள் நடந்தேன்.
ஆப்பிள்காரி தன்னைக் கேட்டதாக நினைத்து
இரண்டு கிலோ நிறுத்துப் போட்டாள்.

*வடக்கே, பெயர் எழுத வேண்டாமென்ற கிராமம்*

எல்லை என்று சொல்லாதே, என்றார் லாமாரா.
எல்லை என்றால் அந்தப் பக்கம் வேறு நாடு.
அந்தப் பக்கம் இருப்பது என் கிணறு.

வேலியே பயிரை மேயும் என்பார்கள் எங்களவர்கள்.
இங்கே வேலிக்குக் காலும் உண்டு.
செவ்வாய் இரவு படுக்கப் போகும்போது
தோட்டத்தில் பதினான்கு மரங்கள்.
புதன் காலை ஒன்பது.
மிச்சம் ஐந்தும் எங்கும் போய்விடவில்லை,
கம்பிக்குப் பின்னால்
காயும் கிளையுமாக நின்றன,
பக்கத்தில் புதிதாக ஒரு பச்சைப் பலகை.

லாமாரா ஒசேத்தியப் பெண். கணவர் ஜார்ஜியர்.
போரின்போது இரண்டு தரப்பும் கதவைத் தட்டின.
கேட்டது ஒரே கேள்விதான், நீ யார்?
"இரண்டு முறையும் பொய் சொன்னேன்,"
என்றபடி ரொட்டியைப் பிய்த்து
பெரிய துண்டை என் பக்கம் தள்ளினார்.

நான்கு கிலோமீட்டர் தள்ளி
தங்கை ஸலினாவின் வீடு.
பார்த்துப் பதினோரு வருடம்.
தினமும் போனில் கேட்கிறார்:
அங்கே மழையா?

*படம்*

காவல் கோபுரத்திலிருந்து ஒருவன்
பைனாகுலரில் என்னைப் பார்க்கிறான்.
நான் செல்பேசியை உயர்த்தவில்லை.
இருபது வயது இருக்கும்.
மூக்கைச் சொறிந்துகொண்டான்.

*விடுதி, இரவு*

டெலிவிஷனில் ஐந்து பேர், ஒரு வரைபடம்,
ஒருவர் கையில் குச்சி.
எனக்கு அந்த மொழி புரியாது.
ஆனால் குச்சி சறுக்கிப் போகும் இடத்தில்
ஒரு கிணறு இருப்பது தெரியும்.

மூன்று நாள் பார்த்தவன் நான்.
யார் பக்கம் நியாயம் என்று சொல்ல
விமானச் சீட்டு போதாது.
சும்மா இருக்கவும் முடியவில்லை.
எழுந்து போய்
நுக்ஸாருக்கு ஒரு பீர் வாங்கிக் கொடுத்தேன்.
அவர் அந்த ஐந்து பேரையும்
பெயர் சொல்லித் திட்டினார்.

*விமான நிலையம்*

பைக்குள் லாமாரா தந்த ஆப்பிள் ஒன்று.
மரம் அங்கே; காற்று அடித்தால்
பழம் இந்தப் பக்கம் விழும்.

எந்த நாட்டுப் பழம், என்றார் அதிகாரி.
எனக்குப் பின்னால் நீண்ட வரிசை.
கடித்தேன்.
புளிப்பு.