ஏழாவது பாகம்

முதல் தடவை ஒருவருக்குக் காட்டும்போது
நான் திரையைப் பார்ப்பதில்லை.
பார்க்கிறவரின் முகத்தைத்தான்.
இந்த இடத்தில் சிரிக்க வேண்டும்,
இதோ வருகிறது, இதோ...
மாவிஸ் சிரிக்கவில்லை.
"சுவர் ஆடுகிறதே" என்றாள்.

ஆடும்தான். அட்டைச் சுவர்.
வற்றிப்போன கடலுக்கு நடுவே ஒரு கலங்கரை விளக்கம்,
அதற்கு ஒரு காவலாளி.
வராத கப்பல்களுக்கு மாலைதோறும் விளக்கேற்றுவான்.
அவன் கதவை அறைந்து சாத்தினால்
கோபுரமே ஒருமுறை குலுங்கி நிற்கும்.
பதினொரு பாகம் ஓடியது.
பன்னிரண்டாவது வாரம் அதே நேரத்தில்
கேக் செய்யும் போட்டி.
ஏன் என்று கேட்க நாடு முழுக்கத் தேடினாலும்
எங்கள் மூன்று பேர்தான் இருந்திருப்போம்.

சாஸ்கடூனில் ஜனவரி என்றால்
கார் எஞ்சினுக்குக்கூட ராத்திரி முழுக்க
மின்சாரம் ஊட்டித் தூங்கவைக்க வேண்டும்.
கடல், எந்தத் திசையில் போனாலும்
ஒரு பகலில் எட்டாத தூரம்.
லைல் கோவல்ச்சுக்கின் வீட்டு நிலவறையில்
துணி உலர்த்தும் இயந்திரம் உருண்டுகொண்டிருக்க
நாங்கள் கப்பலுக்குக் காத்திருந்தோம்.

பதினொரு கேசட்.
ஒவ்வொன்றின் முதுகிலும் சிவப்பு மையில்: அழிக்காதே.
ஏழாவதில் மட்டும்
காவலாளி படியில் கால் வைக்கிறான்,
கைப்பிடியைத் தொடுகிறான்,
அடுத்த நொடி பனித்தரை, மட்டைகள், கூச்சல்,
இரண்டரை மணி நேர ஹாக்கி.
லைலின் அண்ணனுக்கு எழுத்து தெரியும்,
படிக்கும் பழக்கம் கிடையாது.

ஒளிபரப்பான இரவில்
ஓர்வில் தானியக் கிடங்கில், நான் மருத்துவமனையில்.
பார்த்தது லைல் மட்டும்.
ஆகவே ஏழாவது வந்ததும் டிவியை அணைத்துவிட்டு
அவன் எழுந்து நிற்பான்.
மேஜை விளக்கின் கழுத்தைத் திருகி
சுவரெல்லாம் ஒளியைச் சுற்றவிடுவான்.
முதல் வருடம் பத்து நிமிடம் சொன்னான்.
போகப் போக ஒரு புயல் சேர்ந்தது,
காவலாளியின் தங்கையிடமிருந்து ஒரு கடிதம்,
அப்புறம் ஒற்றைக் காது நாய்.
"நாய் எப்போது வந்தது?" என்றான் ஓர்வில்.
"எப்போதும் இருந்தது. நீ கவனிக்கவில்லை."

அந்த நாய்க்குத்தான் மாவிஸ் அழுதாள்.
ஆறு பாகத்துக்கும் கொட்டாவி விட்டவள்
மூக்கைச் சிந்திக்கொண்டே
எட்டாவதைப் போடச் சொன்னாள்.
சுரங்கத்தில் ஆட்குறைப்பு நடந்த வாரம்
என்னைத் தொலைபேசியில் அழைத்து,
ஹலோ கூடச் சொல்லாமல்,
காவலாளியின் குரலில்,
"விளக்கு என் பொறுப்பு. கப்பல் கடலின் பொறுப்பு"
என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

இருபத்து மூன்று வருடம்.
இப்போது குறுந்தட்டில் எல்லாமே வந்துவிட்டது.
தூசு துடைத்த படம்;
கடற்பறவையைக் கட்டி இழுக்கும் நூல்கூடத் தெரிகிறது.
ஆறாவது முடிந்தது.
ரிமோட்டை எடுத்த லைல் "சொல்லட்டுமா?" என்றான்.
ஓர்வில் சரி என்றான். நானும்.
"எனக்குப் பார்க்கணும்" என்றாள் மாவிஸ்.

படியில் கால் வைக்கிறான்.
கைப்பிடியைத் தொடுகிறான்.
கதவு திறக்கிறது.
உள்ளே ஒரு பல்லிணைச் சக்கரம் உடைந்திருக்கிறது.
அதைப் பழுதுபார்க்கிறான்.
இருபத்து நான்கு நிமிடமும் அதுதான்.
காற்றுகூட இல்லை.

நான் திரையைப் பார்க்கவில்லை.
லைலின் வாய் லேசாகத் திறந்திருந்தது.
சக்கரம் சுழலத் தொடங்கிய நொடியில்
அவன் புருவம் மேலேறியது,
எதிர்பாராத ஒன்றுக்கு ஏறும் விதத்தில்.
முதல் தடவை பார்ப்பவரின் முகம்
எனக்குத் தெரியாதா?
அந்த இரவு எங்கே போனாயடா,
உறங்கிவிட்டாயா,
கேட்கவில்லை.

பெயர்கள் ஓடி முடிந்தன.
யாரும் பேசவில்லை. மாவிஸைப் பார்க்கவே பயமாக இருந்தது.
லைல் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.
"நாயை வெட்டிவிட்டார்கள்" என்றான்.

"அயோக்கியர்கள்" என்றாள் மாவிஸ்,
மேஜை விளக்கை அவன் பக்கம் நகர்த்தியபடி.