மீதி மூன்று

இன்னும் மூன்று.
பாலக்கோடு, பர்கூர், கடைசியாக அரூர்.
இரண்டை எடுத்தால் சேலம் போகலாம்.
ஒன்றோடு நின்றால்
மற்றவர்கள் தோற்கட்டும் என்று வேண்டிக்கொண்டு
கம்பெனி பஸ்ஸில் ஓசூர் திரும்பலாம்.

நான் கேட்சர்.
குத்துக்காலிட்டே சீசன் முழுவதையும் பார்த்தவள்.
எந்தப் பிட்சரின் தோள் எந்த வாரம் நோகிறது என்று
இ.எஸ்.ஐ. டாக்டருக்கு முன்பே
என் இடது உள்ளங்கைக்குத் தெரியும்.

சனிக்கிழமை பாலக்கோடு.
தக்காளி மண்டிக்குப் பின்னால் மைதானம்.
முதல் பேஸ் பக்கம் சரிவு;
உருட்டிவிட்ட பந்து
தானே கோட்டைத் தாண்டிப் போய்விடும்.
அவர்களுக்கு எறிபவள் சிவரஞ்சனி.
வேகம் கிடையாது, அவசரமும் கிடையாது.
சில்லறை எண்ணி வைப்பவளைப் போல
மூலையில் ஒன்று, மூலையில் ஒன்று.
ஐந்தாம் இன்னிங்ஸில்தான் உறைக்கும்
நம் கையில் ஒன்றுமே வரவில்லை என்று.
அவளை அடிக்க ஒரே வழி பொறுத்திருப்பது.
பீஸ் கணக்கில் வேலை பார்க்கும் எங்களுக்கு
யாரும் கற்றுத்தராத ஒன்று.

நமக்கு முனிரத்னா.
வெள்ளி ராத்திரி அவளுக்கு சி ஷிப்ட்.
ஆறு மணிக்குக் கார்டு தேய்த்து
ஒன்பதரைக்கு முதல் பந்து.
தூங்காத கையில் அவள் டிராப்
இன்னும் ஒரு சாண் கூட இறங்கும்.
காரணம் கேட்காதீர்கள்.
ஜூலையில் இரண்டு முறை பார்த்தேன்,
இரண்டு முறையும் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன்.

புதன் பர்கூர். நம் மைதானம்,
மாலை நாலரை, வெயில் பேட்டருக்கு எதிரே.
தாஹிரா வருகிறாள். இடதுகை.
இடுப்புக்கு வருகிற பந்து என்று நம்பி வீசினால்
தோளுக்கு மேல் ஏறிப் போயிருக்கும்.
போன முறை பதினொரு அவுட் அவள் ஒருத்தியே எடுத்தாள்.
அதில் மூன்று நான்.

முனிரத்னாவை மறுபடி போடலாமா?
வேண்டாம் என்கிறார் கோச்.
லீவே இல்லை என்கிறார் லைன் லீடர்.
ஆக, சலோமி டோப்போ.
கும்லாவிலிருந்து வந்தவள், ஹாக்கி ஆடிய மணிக்கட்டு,
ஹாஸ்டலில் எனக்கு மேல் கட்டில்.
முதல் பந்திலிருந்து எறிந்ததே இல்லை இதுவரை.
அவளுக்குத் தெரிந்த தமிழ்
போடு, போதும், சாப்ட்டியா.
மீதியெல்லாம் விரல்தான்.
ஒன்று வேகம், இரண்டு டிராப்,
மூன்று மெதுவானது,
நாலு என்றால் உன் இஷ்டம்.
நகச்சாயம் கம்பெனியில் கூடாது.
பொழுது சாயும்போது அவள் கண்ணுக்குத் தெரிய
நகத்தில் சுண்ணாம்பு தடவிக்கொள்வேன்.
தாஹிராவுக்கு எதிராக இதுதான் நம் ஆயுதம்:
ஒரு டப்பி சுண்ணாம்பு,
அவளை இதுவரை யாரும் பார்த்ததில்லை என்பது.

பிறகு அரூர்.
இந்த ஆட்டத்தைப் பற்றி எல்லோரும் லேசாகப் பேசுகிறார்கள்.
அடிமட்டத்தில் இருக்கிற டீம்,
பேட்டிங் சுமார்,
மழை வந்தால் ஆளுக்கொரு புள்ளி.

அரூருக்கு எறியப்போகிறவள் தென்மொழி.
போன மார்ச் வரை நம்முடையவள்.
கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை,
இரும்புப் பெட்டியை நான்தான் தூக்கிப்போனேன்
பஸ் ஸ்டாண்டு வரைக்கும்.
இரண்டு சீசன் அவள் பந்தை வாங்கியிருக்கிறேன்.
என் விரல் கணக்கு முழுக்க
அவளுக்கு மனப்பாடம்.
அதை மாற்றிக்கொள்ளலாம், ஒரு சாயங்காலம் போதும்.

ஆனால்,
ரைஸ் பந்து போடுவதற்கு முன்னால்
தென்மொழி கீழுதட்டைக் கடிப்பாள்.
ஒவ்வொரு தடவையும்.
அவளுக்கே தெரியாது.
டக்-அவுட்டில் ஒரு வார்த்தை சொன்னால்
நம் ஒன்பது பேரும் அடித்துவிடுவார்கள்.

இதை இன்னும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

பாலக்கோட்டில் ஜெயித்து
பர்கூரையும் ஜெயித்துவிட்டால்
சொல்ல வேண்டி வராது.

முனிரத்னா, இன்றைக்காவது தூங்கு.
வேண்டாம், தூங்காதே.