ஒர்க் ஏரியா

அடுக்களைக்குப் பின்னே ஆஸ்பெஸ்டாஸ் இறக்கிய
ஏழடிக்கு ஐந்தடி.
ஒரு துவைகல், ரப்பர்ப்பால் உறைய வைத்த பழைய தட்டம் இரண்டு,
சுவரெல்லாம் பாசி.
பாறசாலையிலிருந்து வந்த பிளம்பர் பினீஷ்
அதை ஒர்க் ஏரியா என்றான்.
அன்றிலிருந்து எனக்கும் அதுதான் பெயர்.

நெய்யாற்றின்கரையில் டைல்ஸ் வாங்கினால்
சதுர அடிக்கு நான்கு ரூபாய் லாபம்.
பெட்டி ஆட்டோ களியக்காவிளை நெரிசலில் நின்றதைச் சேர்த்தால்
லாபமில்லை.

ஞானசிகாமணிக் கொத்தனார் தரை போட்டார்.
ரசமட்டத்தின் குமிழி நடுவில் அசையாமல் நின்றது.
"பாத்தியளா, ஒரு நூல் பிசகில்லை."

இரவு தம்மாமிலிருந்து நீ.
ஓட்டல் லாண்டரியில் பதினோரு வருடம்,
அறை அளவு மிஷின்கள்,
யாரோ உறங்கி எழுந்த விரிப்புகள்.
"ஒரு வாளி வெள்ளம் ஊத்திக் காட்டு" என்றாய்.
ஊற்றி, போனைத் தாழப் பிடித்தேன்.
வெள்ளம் ஓட்டையைத் தேடவில்லை.
நடுவில் கிடந்து
டியூப்லைட்டைக் காட்டிக்கொண்டிருந்தது.
நீ பேசவில்லை. நெட் போயிற்றோ என்றிருந்தேன்.
பிறகு சொன்னாய்:
"பொளிக்கச் சொல்லு."

பொளித்தார். இரண்டு நாள் முகம் பாராமல்.
மூன்றாம் நாள் கட்டன்சாயா கேட்டார்.
முணுமுணுத்தபடியே அரையங்குலம் சரிவு வைத்தார்.
துவைகல் நான்கு பேருக்கும் அசையவில்லை.
சுற்றிலும் டைல்ஸ் வெட்டி ஒட்டியாயிற்று,
சோப்புப்பொடி வைக்க ஆகிறது.

இன்று இடவப்பாதி மழை, கூரை இடிபடுகிறது.
மிஷினில் என் மூன்று நைட்டி, ஒரு துவர்த்து.
அவ்வளவுதான் அழுக்கு.
பிழியும்போது திணறி, குதித்து,
கதவுப் பக்கமாக நடக்கப் பார்த்தது.
"லோடு காணாது. ஒரு பக்கமா ஏறும்.
கொஞ்சம் கனம் சேத்துப் போடு."

போனைத் துவைகல்மேல் கூரை பார்க்க வைத்தேன்.
அலமாரியில் அந்துருண்டை வாசத்தோடு
நீ விட்டுப்போன சட்டைகள்,
நான்கும் துவைத்து மடித்தவை.
உதறி உள்ளே போட்டேன்.
உன்னிடம் சொல்லவில்லை.

இப்போது நடக்கவில்லை.
நுரை ஓட்டையில் இறங்கி, பின்மதிலைத் தாண்டி,
வாழைக்கு அப்பால்
கேரளத்தில் விழுகிறது.
"சத்தம் கேக்கட்டும்" என்றாய்.
போனை மூடியின்மேல் கவிழ்த்தேன்.
அதுவும் சேர்ந்து நடுங்கியது.

நெடுநேரம் கேட்டாய்.

"பேரிங் நல்ல பேரிங்" என்றாய்.