பதினேழாவது கோடு

பேச்சிப்பாறையில் காலை ஏழு மணி.
பார்த்தால் நீர் ஒன்றும் தராது;
கேட்டால்தான் தரும்.

படகின் விலாவில் கட்டி
மஞ்சள் மீன் போலொரு கருவியை இறக்கினோம்.
வினாடிக்கு ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றேழு மீட்டர்,
இன்றைய வெப்பத்தில் ஒலியின் நடை.
போகும், முட்டும், திரும்பி வரும்.
திரும்பி வராத இடம் கறுப்பாய் விழும்.
அந்தக் கறுப்பின் நீளத்தை அளந்துதான்
அங்கே நிற்பது எத்தனை உயரம் என்று சொல்கிறேன்.
பத்து வருடமாக எனக்குச் சோறு போடுவது
நிழல்.

அலுவலகத்துக்குக் கோயில் வேண்டும்.
ஒரு தூணாவது, என்றார்கள் ஃபோனில்.
பதினாறு கோடுகளிலும்
அணை நிறைந்தபோது தோண்டாமல் விட்ட அடிக்கட்டைகள்,
ஒரு டயர்,
சேற்றின் மேல் சேறு.

பதினேழாவது கோட்டில்
திரையோரம் ஒரு வளைவு மெல்ல ஏறியது.
ஆறு இப்படி வளையாது.
மண்வெட்டி பிடித்தவர்கள் வளைத்த வளைவு. நடுவே
ஆள் அகலத்துக்கு ஓர் இடைவெளி,
இருபுறமும் கல்.

"இஞ்ச நாங்க வல போடமாட்டோம்,"
என்றார் எஞ்சினை அணைத்த கொச்சப்பி காணி.
"கிழிச்சிரும். வலகிழிச்சான்னு பேரு.
என்னத்த கெடக்குன்னு தெரியாது."
தூண்டில் நரம்பில் ஈயக்குண்டு கட்டி இறக்கினார்.
இழுத்து, கைகளை விரித்து விரித்து எண்ணினார்:
ஆறு பாகம், மேலே ஒரு சாண்.
என் திரையில் 11.2.

குளம்.
அணைக்குள் ஒரு குளம் மூழ்கிக் கிடக்கிறது.
"இன்னைக்கு என் முறை" என்று யாரோ
விடியுமுன் விளக்கோடு வந்து நின்ற மடை.
முறை தவறியதற்காக
மண்டை உடைந்திருக்கலாம் அங்கே.
இப்போது உள்ளேயும் அதே நீர், வெளியேயும் அதே நீர்.
மடைவாய் வழியாக ஏதோ ஒரு கெண்டை
யாரிடமும் கேட்காமல் போய் வரும்.

வரைபடத்துக்கு இரண்டே நிறம் தந்திருக்கிறார்கள்:
பழுப்பு நிலத்துக்கு, நீலம் நீருக்கு.
கரைக்குப் பழுப்பு வைத்தேன். சரி.
கரைக்கு உள்ளே?

உறுதி செய்ய மறுபடி ஓட்டச் சொன்னேன்.
பாதியில் கோதையாற்றுப் பக்கமிருந்து மழை இறங்கியது.
துளி ஒவ்வொன்றும் மேற்பரப்பில் சத்தமிட,
திரை முழுக்க உப்புத் தூவியது போல் புள்ளிகள்.
இம்முறை வளைவு வந்தது,
மடை வரவில்லை.

கொச்சப்பி தார்ப்பாயை என் பக்கம் தள்ளினார்,
பெட்டியை மூடச் சொல்லி.
"நாளைக்கும் டீசல் நீங்கதானே?"