முன்னொட்டு

ஏழாம் வகுப்பு 'பி'. நான்காம் பீரியட்.
பலகையில் 'மிஸ்' என்றெழுதி
"இது முன்னால் ஒட்டினால்
தவறு என்று பொருள் வரும்" என்றேன்.
எழுந்து நின்றான் முனிரத்தினம்:
"அப்ப உங்கள நாங்க இத்தினி நாளா, மிஸ்..."
வகுப்போடு நானும் சிரித்தேன்.
தொகுப்பூதியக்காரியின் பெயருக்கு முன்னால்
எது ஒட்டினால் என்ன.

புத்தகத்தில் நான்கு கட்டம், நான்கு அம்புக்குறி.
ஹேப்பி, அன்ஹேப்பி.
பசை காய்ந்த தபால்தலைபோல
சொல்லச் சொல்ல உதிர்ந்தது.
சரி, மூடுங்கள். உங்கள் வாயில்
இருப்பதைச் சொல்லுங்கள்.

நீதி, அநீதி.
சுத்தம், அசுத்தம்.
"அசிங்கம், மிஸ்!
சிங்கம் இல்லாத இடம்!"

மூன்றாம் பெஞ்சில் ஸ்கேல் தகராறு.
"பேமானி" என்று ஒரு குரல்.
நான் அதட்ட வாயெடுப்பதற்குள்
ஷாஹின்தாஜ் சொன்னாள்:
"அது எங்க வூட்டு வார்த்த, மிஸ்.
ஈமான்னா நம்பிக்கை, நாணயம்.
பே வந்து ஒட்டிக்கிச்சுன்னா
அது இல்லாதவன்.
கார்னா வேலை. பேகார்னா வேலை இல்லாதவரு.
எங்க மாமு."
காட்பாடியிலிருந்து வரும் பஸ்ஸில்
தினமும் காதில் விழும் வசவு.
முழுக் கல்லென்று நினைத்திருந்தேன்.
உள்ளே ஒரு மூட்டுவாய் இருந்திருக்கிறது.

முனிரத்தினம் சும்மா இருப்பானா.
"பே, ரணாம், பட்டு!
ரணமே இல்லாத ஊரு, நம்ம ஊரு!"
தப்பு என்று சொல்ல வேண்டும்.
ஜன்னல் வழியே தோல் ஷாப்பின் வாடை.
சுண்ணாம்புத் தொட்டியில் விரலிடுக்கு வெந்த
அப்பாக்களின் பிள்ளைகள்
நாற்பத்தியிரண்டு பேர், பெஞ்சைத் தட்டித் தட்டி
"ரணமே இல்லாத ஊரு" என்றார்கள்.
தப்பு என்று நான் சொல்லவில்லை.

அடுத்தது 'முன்'.
முன்பதிவு. முன்வாசல்.
முன்கோபம் என்றதும்
ஹெச்.எம். அறைப்பக்கம் திரும்பின பாதித் தலைகள்.
"முன்பணம்."
ஜூலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாத
கெங்கேஸ்வரி.
நகக்கண்ணில் புகையிலைத் தூள்.
"பொருள் சொல்லு."
"வேலைக்கு முன்னாடியே குடுக்கறது.
அக்கா கல்யாணத்துக்கு அம்மா வாங்கிச்சு.
அதுக்குத்தான் சுத்தினே கீறோம்."
உட்காரப் போனவள் உட்காரவில்லை.
"முன்பணம் கீது.
பின்பணம்னு ஏன் மிஸ் ஒண்ணு இல்ல?"

பின்புத்தி உண்டு, பின்னிரவு உண்டு,
பின்விளைவு நிறையவே உண்டு.
பலகையில் 'பின்பணம்' என்றெழுதி
சமக்குறி போட்டு
கையில் சாக்பீஸோடு நின்றேன்.
மணி அடித்தது. காப்பாற்றியது என்று சொல்லமாட்டேன்.
அன்று சத்துணவில் முட்டை.
ஓடிவிட்டார்கள்.

வீட்டுப்பாடம்: 'மறு' ஒட்டிய பத்துச் சொற்கள்,
வாக்கியத்தில் அமைத்து.
மறுநாள், மறுபக்கம், மறுபிறவி, மறுஒளிபரப்பு.
எல்லா நோட்டிலும் ஒரே வரிசை.
யாரோ ஒருவரைப் பார்த்து எல்லோரும்.

கெங்கேஸ்வரியின் நோட்டு செவ்வாய்க்கிழமை வந்தது,
ஒரு நாள் தாமதம்.
ஒன்பது சொல் அதே வரிசை.
பத்தாவது: மறுகூடல்.
கீழே, கோட்டை மீறி மார்ஜினுக்குள்ளும் நுழைந்து:
'பரீட்சைக்குக் கேட்கலாம் என்றால்
பீடிக்கும் கேட்கலாம் என்று அம்மாவிடம் சொன்னேன்.
கழித்துப்போட்ட கட்டுகளை
சனிக்கிழமை அம்மா
மறுகூடல் கேட்டார்கள்.
கம்பெனிக்காரர் கத்தினார். பிறகு எண்ணினார்.
நூற்றுப் பதினெட்டு பீடி ஜாஸ்தி வந்தது.'

ஜாஸ்தியை
'அதிகம்' என்று திருத்த வேண்டும்.
விட்டுவிட்டேன்.
கூட்டலில் ஒரு 'ட்' குறைந்திருந்தது.
அதை மட்டும் சிவப்பு மையில்,
கட்டுக்குள் ஒரு பீடியைச் செருகுவதுபோல
நடுவில் சேர்த்தேன்.