கடை எண் நான்கு

ஈஸா டவுன், கல்லூரிச் சாலை.
ஜெராக்ஸ், பைண்டிங், லேமினேஷன்.
முதலாளி தலசேரிக்குப் போயிருந்த வாரம்
ஹகீமா வந்தாள். பொறியியல், மூன்றாமாண்டு.
போன மாதம்வரை சர்க்யூட் படங்கள்தான்,
ஐந்து பில்ஸ் பாக்கிக்கும் நின்று வாங்கிப் போவாள்.
அன்று ஒரே தாள்.
ஐந்நூறு, என்றாள்.

அரபியில் எனக்கு எண்கள் மட்டும் வரும்.
ஒன்று முதல் பதினொன்று.
கோரிக்கைகள் என்று நினைத்தேன்.

பின்னாலேயே இரண்டு பையன்கள்.
ஒருவன் இடுப்பில், பிள்ளையைப் போல, ஒலிபெருக்கி.
நிறுத்து என்றான், என்னிடம்.
மெஷின் நாற்பத்திரண்டில் நின்றது.

சண்டை பாதி மொழியில், பாதி கையில் புரிந்தது.
கோரிக்கை ஒன்றே ஒன்று, அது தலைப்பில்:
நாங்கள் தேர்ந்தெடுப்பவர்கள் ஆளட்டும்.
கீழே இருப்பவை பெயர்கள்,
உள்ளிருப்புக்குப் பொறுப்பேற்பவர்கள்.
முதல் நான்கும் பெண்கள்.
அடியில் போடு, உங்கள் நன்மைக்குத்தான்
என்கிறான் ஒலிபெருக்கிக்காரன்.

பரமக்குடிப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில்
பையன்கள் நீலத்தில் முடிந்த பிறகே
நாங்கள் சிவப்பில் தொடங்குவோம்.
முப்பத்தெட்டு, கிருஷ்ணவேணி.
என் முறை வருவதற்குள்
வாத்தியாருக்குக் கொட்டாவி வந்துவிடும்.

ஹகீமா கத்தவில்லை.
தண்ணீர் யார் கொண்டுவந்தது?
வாயில் சாவி யாரிடம்?
மண்டை உடைந்தவன் அம்மாவுக்கு
யார் போன் செய்தது?
ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரைத் தொட்டாள், மேலிருந்து.
பிறகு மெதுவாக:
பிடிக்க வருபவர்கள் முதல் பெயரில்தான் தொடங்குவார்கள்.
அதனால்தான் அங்கே நான்.

அவன் ஒலிபெருக்கியைத் தரையில் வைத்தான்.
மற்றவன் மெஷினைக் காட்டிக் கையசைத்தான்: ஓட்டு.
அவர்கள் நாட்டிடம் கேட்பதற்கும்
என் மொழியில் அதே சொல்தான்.
அவள் சொல்லட்டும் என்று நின்றேன்.
நான் செய்த போராட்டம் அவ்வளவுதான்;
விசா புதுப்பிக்க இன்னும் நான்கு மாதம் இருந்தது.

மறுநாள் ஷட்டர் பாதி ஏறும்போதே
சீருடை இல்லாத இருவர்.
அரபி தெரியாது, என்றேன்.
மெஷினின் கணக்கைப் பார்த்தார்கள்.
பரீட்சைக் காலம், என்றேன், மூடிமேல் கை வைத்தபடி.
போன பிறகு துடைக்கத் திறந்தால்
மூலத்தாள் கண்ணாடியிலேயே கிடக்கிறது,
எல்லோரும் மறப்பதுபோல அவளும் மறந்தது.

அன்று மாலையே அவளைக் கொண்டுபோனார்களாம்.

மூன்று வாரம் கழித்துப் புதிதாக ஒருத்தி.
ரபாப், என்றாள்.
ஆள்காட்டி விரலில் கட்டு.
தாளைப் பார்த்தேன். பெயர்கள் மாறியிருந்தன.
முதல் வரி மட்டும்
அந்தத் தாளில் பார்த்துப் பார்த்து
எனக்கு வடிவம் பழகிப்போன அதே வரி.

ஆயிரம், என்றாள் ரபாப்.
காகிதம் இருக்கிறதா
பார்த்துச் சொல்கிறேன், என்றேன்.