நாலாம் பங்கு

மண் அட்டையில் ஒன்பது புள்ளி ஒன்று.
ஓமலூர் சொசைட்டி அர்த்தனாரி
அதை இருமுறை படித்தார்.
"களருக்குக் கால் பங்கு கூடப் போடணும்" என்றார்.
மூட்டை என்னவோ ஒன்றுதான் தந்தார்.

போன போகம்
உச்சி வெயிலில், நின்ற தண்ணீரில்
மொத்தத்தையும் விசிறினேன்.
மூக்கில் சுருக்கென்று ஏறியது
என் நகைக்கடன் ஆவியாகிற வாடை.
பயிர் மஞ்சளாகவே கதிர்விட்டது.

இம்முறை ஜிப்சம் கொட்டி
தக்கைப்பூண்டு மடக்கி உழுது
யூரியாவை நாலாகப் பிரித்தேன்.
தண்ணீர் வடித்து, பொழுது சாய,
மூன்று பங்கைச் சேறு வாங்கிக்கொண்டது.
திருப்பித் தருமா, தெரியாது.

வரப்பில் உப்புப் பூத்த இடத்தில்
வெறுங்காலோடு நிற்கிறேன்.
சேர்வராயன்மேல் மேகம்;
பெய்தால் அடித்துக்கொண்டு போகும்.
பிடித்த பிடி
உள்ளங்கை வியர்வையில் கரைந்து
குளிர்கிறது.